குறிப்பறிதலும் வீடியோ விளையாட்டும்

மக்கள் தம் உள்ளக் கருத்தை நாவினால் மட்டும் வெளியிடுவதில்லை. வாய் ஒன்று கூற, கண் வேறொன்று கூறுவதும் உண்டு. 'நலமே' என்று விடையிறுக்கும் ஒருவனுடைய தாழ்ந்த தோள்கள் அவனது சோர்வை அறிவித்துவிடுகின்றன. விருந்தினரை அமரச் சொல்லிவிட்டு அடிக்கடி வாயிற்புறம் நோக்கும் ஒருவருடைய பார்வை, அவர் எங்கோ புறப்படும் விரைவில் இருப்பதைக் காட்டிவிடுகிறது. சொல்லின் துணையின்றி முகத்திலும் மெய்யிலும் தோன்றும் இத்தகைய அடையாளங்களைக் கொண்டு பிறர் உள்ளத்தை உணர்தல் குறிப்பறிதல் எனப்படும். திருவள்ளுவர் இப்பெயரால் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். அரசவையில் இருப்பார்க்கும் அன்புடையார் இருவர்க்கும் இஃது ஒருங்கே வேண்டப்படுவது என்பது இதனால் விளங்கும்.

இக்கலையைப் பயிற்றும் பள்ளி எதுவும் இல்லை. தாயின் முகம் பார்க்கும் குழந்தை தானே இதனைத் தொடங்குகிறது. பின்னர் வீட்டிலும் தெருவிலும் பழகிப் பழகி ஓரளவு தேர்ச்சி பெறுகிறது. ஆயினும் இப்பயிற்சியில் ஒரு குறை உண்டு. ஒருவர் முகத்தைப் பார்த்து, 'இவர் நம்மீது சினங்கொண்டுள்ளார்' என்று ஒரு மாணவன் முடிவு செய்கிறான். உண்மையில் அவருக்குத் தலைவலியாக இருக்கலாம். அவர் அதனைச் சொல்லப் போவதில்லை; இவனும் கேட்கப் போவதில்லை. தவறு தவறென்றே அறியப்படாமல் போய்விடுகிறது. பிறர் முகக்குறிப்பை எளிதில் உணர இயலாதவர்களோ இத்தகைய தவறுகளால் பெரிதும் துன்புறுகின்றனர்; ஏனையோர் யாவரும் அறிந்த ஒரு மொழியைத் தாம் மட்டும் அறியாததுபோல் அவர்கள் ஒதுங்கி நிற்க நேர்கிறது.

பெரியோர் பலர் வீண்பொழுது என்று கடியும் வீடியோ விளையாட்டு, இக்குறையை நீக்க ஒருவாறு துணைசெய்யக்கூடும் என்பது முதற்கண் வியப்பாகவே தோன்றும். ஆனால் அவ்விளையாட்டின் இயல்பை நோக்கினால் வியப்பு நீங்கும். குறிப்பைச் சரியாக உணர்ந்தவன் அங்கே வெல்கிறான். பிழைபட உணர்ந்தவன் அப்பொழுதே தோற்கிறான். தோற்றவனை எவரும் நகைப்பதில்லை. அவன் மீண்டும் தொடங்கலாம்.

ஜப்பான் நாட்டு நாம்கோ நிறுவனத்தில் பணியாற்றிய தோரு இவதானி என்பார் அமைத்த 'பாக்-மேன்' என்னும் விளையாட்டு 1980ஆம் ஆண்டில் வெளிவந்தது. குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் சந்துகளில் ஒரு மஞ்சள் வட்டம் புள்ளிகளை விழுங்கிக்கொண்டே ஓடும். நான்கு பேய்கள் அதனைத் துரத்தும். அப்பேய்களுக்கு மூக்கும் கையும் இல்லை. எனினும் பெரிய கண்கள் இரண்டு உண்டு. ஒரு பேய் சந்து முனையில் எப்பக்கம் திரும்ப எண்ணுகிறதோ, அப்பக்கமாக அதன் கண்கள் சற்று முன்னரே திரும்பிவிடும். புதிதாக ஆடுவோன் பேயின் உடலையே பார்த்துக்கொண்டிருந்து அகப்படுகிறான். பழகியவனோ கண்ணைப் பார்த்துத் தப்புகிறான். இரண்டு வெள்ளைப் புள்ளிகளில் இவ்வளவு செய்தி அடங்கியிருந்தது!

அதன்பின் நிண்டெண்டோ நிறுவனத்தார் 1984ஆம் ஆண்டில் காசிட்டு ஆடும் பொறியாகவும், 1987இல் வீட்டில் ஆடுவதற்கு ஏற்ற வடிவிலும் வெளியிட்ட 'பஞ்ச்-அவுட்' என்னும் குத்துச்சண்டை விளையாட்டில், எதிரியின் முகமே பாடநூல் ஆயிற்று. வீட்டு வடிவில் ஆடுவோனுக்கு உரிய வீரன் மிகச் சிறியவன், எதிரிகள் மலைபோன்றவர்கள். வலிமையால் அவர்களை வெல்ல இயலாது. ஆயினும் குத்து விடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே ஓர் அடையாளம் காட்டுவர். ஒருவன் புருவத்தை நெரிப்பான். மற்றொருவன் ஓரடி பின்வாங்குவான். அவ்வடையாளத்தைக் கண்டுகொண்டவனுக்கு அம்மலையும் மடுவாகும்.

இவை யாவும் அசைவு பற்றிய குறிப்புகளே. உள்ளம் பற்றிய குறிப்பை ஆடுவோன் உணருமாறு செய்யப் பெருமுயற்சி எடுத்துக்கொண்டது, 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'எல். ஏ. நுவார்' என்னும் விளையாட்டாகும். இதனை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் இருந்த டீம் பாண்டி நிறுவனத்தார் ஆக்கினர். கதை நிகழும் இடம் 1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம். ஆடுவோன் கோல் பெல்ப்ஸ் என்னும் துப்பறியும் காவலனாகித் தடயங்களைத் தேடுகிறான்; ஐயத்திற்குரியோரையும் சாட்சிகளையும் வினவுகிறான். அவர்கள் விடை கூறும்போது அவர்தம் முகங்களை ஊன்றிப் பார்த்து, கூறியது உண்மையா, ஐயத்திற்குரியதா, பொய்யா என்று தீர்மானிக்க வேண்டும். பொய் என்று கூறுவானாயின், அதற்குச் சான்றும் காட்டவேண்டும்.

முகங்களைப் பதிவு செய்த முறை அறியத்தக்கது. நடிகர் ஒருவரை ஒளி நிறைந்த அறையில் நாற்காலியில் அமர்த்தி, அவரைச் சூழ 32 ஒளிப்படக்கருவிகளை வைத்து, எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே வேளையில் படம் பிடித்தனர். கணினி அப்படங்களை இணைத்து உருண்டு திரண்ட முகமாக்கியது. அதனால் உதடு சுழிப்பது, எச்சில் விழுங்குவது, கண் ஒருகணம் விலகி மீள்வது ஆகிய நுட்பமான அசைவுகளும் திரையில் தோன்றின. உடலின் அசைவுகளை மட்டும் தனியே வேறொரு வேளையில் பதிவு செய்தனர். ஆகவே சிற்சில இடங்களில் முகம் ஒருவகையாகவும் தோளும் கையும் வேறுவகையாகவும் இருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். மெய்முழுதும் சேர்ந்தே பேசும் என்பதற்கு இக்குறையும் ஒரு சான்று.

இவ்விளையாட்டை ஆடியோர் பயனடையாமல் இல்லை. சொற்களைக் கேட்பதோடு நில்லாமல், சொல் முடிந்தபின் வரும் அமைதியையும் கவனிக்கவேண்டும் என்பதை அது பழக்கியது. விடை சரியாயின் ஓர் இசையொலி எழும். தவறாயின் வேறோர் ஒலி எழும். அவ்வொலியே ஆசிரியர்.

ஆனால் இங்கே ஓர் இடர் மறைந்துள்ளது. திரையில் தோன்றுவோர் நடிகர்கள். பொய்யைக் காண்போர் கண்டுகொள்ளவேண்டும் என்னும் நோக்கத்தோடு அவர்கள் பொய் கூறுபவர்களாக நடித்தனர். உலகில் பொய் கூறுவோனுக்கு அந்நோக்கம் இல்லை. மறைப்பதே அவன் வேலை. சார்லஸ் பாண்டு, பெல்லா டிபாலோ என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர், அதுவரை நிகழ்ந்த பற்பல ஆய்வுகளைத் தொகுத்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றில் 24,000க்கு மேற்பட்டோர், பிறர் கூற்றைக் கேட்டு அது மெய்யா பொய்யா என்று தீர்ப்பளித்திருந்தனர். அத்தீர்ப்புகளில் சரியாக அமைந்தவை நூற்றுக்கு ஏறத்தாழ 54 மட்டுமே. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் 50 சரியாகியிருக்கும்!

அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், பொய்யனை எவ்வாறு அறிவீர் என்று 58 நாட்டு மக்களிடம் வினவினர். அவர்கள் மிகுதியாகக் கூறிய விடை, அவன் கண்ணை நேரே பாரான் என்பதே. இந்நம்பிக்கை உலகெங்கும் பரவியிருப்பினும், கண்ணை விலக்குதல் பொய்யின் உறுதியான அடையாளம் அன்று என்பது ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. அச்சமுடையவன் பார்வையை விலக்குவான், நாணமுடையவன் விலக்குவான், கடினமான ஒன்றை நினைவுகூர முயல்வோனும் விலக்குவான். ஆட்டிசம் உடையவர் பலருக்குப் பிறர் கண்ணை நேரே நோக்குதல் பெரும் இடர்ப்பாடு தருவது. தமிழ்நாட்டு வீடுகளிலோ, மூத்தோர் கடிந்துரைக்கும்போது தலைதாழ்த்தி நிற்பது மரியாதை எனப் பிள்ளைகள் கற்பிக்கப்படுகின்றனர். அவ்வாறு நிற்கும் மாணவன் ஒருவனை, அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் துப்பறிவோனின் கண்கொண்டு பார்க்கும் ஒருவர் குற்றவாளி என்றே கொள்வார்.

இவ்வுண்மையை அவ்விளையாட்டின் கதையே ஓரிடத்தில் காட்டுகிறது. கொலை வழக்குகளை ஆராயும் பகுதியில், ஆடுவோன் அடுத்தடுத்து ஐந்து வழக்குகளை ஏற்று, முகங்களைப் பார்த்து, தடயங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஒருவன்மீது குற்றம் சாட்டுகிறான். மேலதிகாரியின் பாராட்டும் கிடைக்கிறது. ஆறாம் வழக்கில்தான் உண்மை வெளிப்படுகிறது: கொலைகளைச் செய்தவன் வேறொருவன். சிறைசென்ற அனைவரும் குற்றமற்றவர்கள்! தன் கண்ணில் நம்பிக்கை வைத்து ஆடிவந்தவனுக்கு அந்த இடம் பெரியதோர் அதிர்ச்சியைத் தரும். விளையாட்டாகையால் அவன் எழுந்துபோய் நீர் அருந்திவிட்டு வரலாம். உண்மை வழக்கில் அங்ஙனம் எழுந்துபோக எவருக்கும் இயலாது.

அங்ஙனமாயின் விளையாட்டினால் பெறும் பயிற்சி வாழ்க்கைக்கு உதவுமா? அமெரிக்காவிலுள்ள விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில், ரிச்சர்டு டேவிட்சன் என்னும் பேராசிரியரைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் இதனை ஆராய்ந்தனர். அதற்கென்றே 'கிரிஸ்டல்ஸ் ஆப் கேடோர்' என்னும் விளையாட்டு அமைக்கப்பெற்றது. விண்வெளியில் சென்ற ஓர் எந்திர மனிதன் அயற்கோள் ஒன்றில் விழுந்துவிடுகிறான்; அவனது ஊர்தி சிதறிப்போகிறது. அதன் பகுதிகளைத் திரும்பப் பெறவேண்டுமாயின், அங்குள்ளோரின் நட்பைப் பெறவேண்டும். அவர்கள் பேசும் மொழியோ அவனுக்குத் தெரியாது. ஆனால் அவர்களுடைய முகத்தில் மக்களைப்போன்றே சினம், அச்சம், துயரம், மகிழ்ச்சி முதலியன தோன்றும். தோன்றுவது இன்ன உணர்வு என்பதையும், அஃது எவ்வளவு மிகுதி என்பதையும் ஆடுவோன் கண்டறிய வேண்டும்.

நடுநிலைப்பள்ளி மாணவர் ஏறத்தாழ 150 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினர்க்கு இதனையும், மற்றவர்க்கு 'பாஸ்டியன்' என்னும் வேறொரு விளையாட்டையும் கொடுத்து இரண்டு வாரம் ஆடச்செய்தனர். முன்னும் பின்னும் அவர்களுடைய மூளையைப் படம் எடுத்தும், பிறர் உணர்வை அறியும் திறனைச் சோதித்தும் பார்த்தனர். 2018ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. கேடோர் விளையாட்டை ஆடியோருள் சிலரிடம், பிறர் நிலையில் நின்று எண்ணுவதற்குரிய மூளைப் பகுதிகளின் இணைப்பு வலுப்பெற்றிருந்தது. அவ்வாறு வலுப்பெற்றவர்கள் சோதனையிலும் மேம்பட்டனர். ஆனால் ஆடிய எல்லோரும் மேம்படவில்லை. ஒரு மருந்து எல்லா உடலுக்கும் ஒன்றுபோல் ஒத்துக்கொள்ளாதது போன்றதே இது. இரண்டு வாரப் பழக்கத்தால் அவ்வளவேனும் மாறுதல் விளைந்தமை சிறிய செய்தி அன்று.

மேற்கூறிய விளையாட்டுகளில் எல்லாம் ஆடுவோன் பார்க்கிறான். எதிரில் இருப்பவன் பார்க்கப்படுகிறான். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜர்னி' என்னும் விளையாட்டு இம்முறையை மாற்றிவிட்டது. ஜெனோவா சென் என்பாரின் தலைமையில் ஆக்கப்பட்ட அதன் கதை எளியது. நீண்ட அங்கி அணிந்த ஓர் உருவம் பாலைவனத்தைக் கடந்து தொலைவிலுள்ள ஒரு மலையை நோக்கிச் செல்லும். வழியில் அதேபோன்ற வேறோர் உருவம் எதிர்ப்படும். அது கணினி இயக்கும் பாவை அன்று. உலகின் ஏதோ ஒரு மூலையில் அமர்ந்து ஆடிக்கொண்டிருக்கும் மற்றொரு மனிதர். அவர் பெயர் தெரியாது, நாடு தெரியாது. எழுதவும் பேசவும் வழியில்லை. அவ்வுருவத்திற்குக் கைகள்கூட இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் இனிய ஓசை ஒன்று எழும். நெடுநேரம் அழுத்தினால் பேரோசையாகும். இருவர்க்கும் உள்ள மொழி அவ்வளவே.

அதனைக்கொண்டே ஆடுவோர் உரையாடத் தொடங்கினர். குற்றோசைகள் சிலவற்றை விரைந்து எழுப்பி ஒருவர் அழைப்பார். மற்றவர் நின்று திரும்பிப் பார்ப்பார். முன்னவர் சிறிது தூரம் சென்று மீண்டும் நிற்பார். 'என்னோடு வருக' என்பது பொருளோ? தெரியாது, ஆகவே பின்னவர் இரண்டடி வைத்துப் பார்ப்பார். முன்னவர் மகிழ்ச்சியோடு ஓசை எழுப்பினால் பொருள் அதுவே என்று விளங்கும். சரி தவறு கூறும் இசையொலி இங்கே இல்லை. ஒரு குறிப்பைச் செய்து, காத்திருந்து, மறுமொழியாகக் கிடைக்கும் குறிப்பினால் தன் கருத்தைத் திருத்திக்கொள்ளும் இம்முறை, வீட்டிலும் தெருவிலும் மக்கள் ஒருவரையொருவர் அறியும் முறைக்கு மிகவும் நெருங்கியது. இவ்விளையாட்டை உருவாக்குங்கால் ஒருவரை ஒருவர் தள்ளுவதற்கும் முதலில் இடம் கொடுத்திருந்தனர். சோதித்துப் பார்த்தோர் துணைவரைத் தள்ளி இடரில் வீழ்த்தி இன்புற்றனராம். அதனைக் கண்டு அவ்வசதியை நீக்கிவிட்டனர்.

மலையின் அடிவாரத்தில் பனி பெய்யும். குளிரால் உருவங்களின் நடை தளரும். கழுத்துத் துணியின் ஒளி மங்கும். இருவரும் ஒட்டி நடந்தால் ஒருவர் ஒளியால் மற்றவர் சற்றே தெளிவர். அறிமுகமற்ற இருவர் சொல்லின்றி நெருங்கி நடந்து அக்குளிரைக் கடப்பர். ஒருவர் பின்தங்கினால் மற்றவர் நின்று ஓசை எழுப்பி அழைப்பர். பயணம் முடிந்தபின், திரையில் வரும் பெயர்ப்பட்டியலின் இறுதியில்தான், உடன் நடந்தவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் முதன்முறையாகத் தோன்றும்.