மூத்திரத்தின் வேகமும் வைத்தியரின் தீர்மானமும்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வளாகத்தில் 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் தொழிற்சாலை கார் உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில், அங்கும் சுற்றியுள்ள உதிரிபாகக் கம்பெனிகளிலும் இருபது வயது வாலிபர்களாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று ஐம்பதை எட்டுகிறார்கள். புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம் ஆண்களுக்குத் தொல்லை தரத் தொடங்கும் பிராயமும் ஏறக்குறைய அதுவே.

மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரத் தாரையைச் சூழ்ந்து அமைந்த இச்சுரப்பி வாலிபத்தில் சுமார் 20 கிராம் எடையுள்ளது. வயது ஏற ஏற அது பருத்துத் தாரையை நெருக்கினால், நீர் மெலிந்தும் விட்டுவிட்டும் வரும். கழித்த பின்னும் மிச்சமிருப்பது போலத் தோன்றும். இம்மாறுதல் வருஷக்கணக்கில் மெல்ல நேர்வதால், ‘வயசானா அப்படித்தான்’ என்று மனிதன் அதற்குப் பழகிப்போகிறான். ஆகவேதான் வைத்தியர், முதலில் ஏழு கேள்விகள் கேட்டு, 35 வரையுள்ள மதிப்பெண்ணால் தொல்லையின் அளவை நிர்ணயிக்கிறார். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்ற கேள்விக்கு, நைட் ஷிப்ட் பார்ப்பவர் தம் பகல் தூக்கத்தைக் கணக்கிட்டே பதில் சொல்ல வேண்டும்.

அதற்குப் பின் வருவது ‘யூரோஃப்ளோ’ பரிசோதனை. 1948-இல் அமெரிக்க வைத்தியர் வில்லார்ட் டிரேக் விவரித்த கருவியின் வழித்தோன்றலான இந்த யந்திரத்தில், ஒரு புனலும் அதன் கீழே நீரின் அளவை நொடிக்கு நொடி கணிக்கும் உணர்கருவியும் உண்டு. ஊசியோ குழாயோ இல்லை. தனியறையில் வழக்கம்போல் கழித்தால் போதும், காகிதத்தில் ஒரு கோடு பதிவாகிவிடும். ஆரோக்கியமான கோடு விரைந்து உயர்ந்து இறங்கும். தடைப்பட்டது தாழ்ந்து நீண்டு கிடக்கும். உச்ச வேகம் விநாடிக்கு 15 மில்லி லிட்டருக்கு மேலிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 10-க்குக் கீழே போனால் தடையிருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் 150 மில்லி லிட்டராவது கழித்திருந்தால்தான் இக்கணக்குக்கு மதிப்புண்டு. கம்பெனி பஸ்ஸில் நெடுநேரம் அடக்கி வந்து கழித்தாலும் வேகம் குறைந்து காட்டும். மீந்த நீரைப் பிறகு ஸ்கேனில் பார்ப்பார்கள்.

எனினும், வீட்டுக் குழாயில் தண்ணீர் மெலிந்தால் அடைப்பா, மோட்டாரின் பலவீனமா என்று இரண்டையும் பார்ப்பதுபோல, இங்கும் சுரப்பியின் மீதே பழி சுமத்தலாகாது. நீடித்த சர்க்கரை வியாதியால் மூத்திரப்பையின் தசையே தளர்ந்திருக்கக்கூடும். வேகம் ஒன்றை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. சந்தேகமிருந்தால், மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தையும் அளந்த பிறகே அறுவைச் சிகிச்சையை நிச்சயிப்பது உசிதம். புற்றுநோய் உண்டா என்பதும் இச்சோதனையால் தெரிவதன்று. அதற்கு வேறு பரிசோதனைகள் உள.

தாம்சுலோசின் போன்ற மருந்துகள் சுரப்பியின் தசையிறுக்கத்தைத் தளர்த்திச் சில நாட்களிலேயே பலன் காட்டத் தொடங்கும். பினாஸ்டிரைடு சுரப்பியைச் சுருக்க ஆறு மாதம் வரை ஆகும். மாத்திரை வேலை செய்கிறதா, அறுவைச் சிகிச்சை தேவையா என்பதை மறுமுறை எடுக்கும் கோட்டை முதற்கோட்டோடு ஒப்பிட்டு, நோயாளியின் தொல்லையையும் மீந்த நீரையும் சேர்த்தே வைத்தியர் தீர்மானிக்கிறார். ஆதலால் சிகிச்சைக்கு முன் எடுத்த அக்காகிதத்தை ஃபைலில் பத்திரப்படுத்துவது நோயாளியின் கடமை.