இது என்ன செடி, மாமி?

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்து ஓய்ந்தால் போதும், தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கத்து வீடுகளில் யாரும் விதைக்காத பச்சை எட்டிப் பார்க்கும். காக்கை போட்ட வேம்பு ஒன்று, குப்பைக்குழியிலிருந்து தக்காளி ஒன்று, லாரி மண்ணோடு வந்தவை இன்னும் பத்து. "இது என்ன செடி மாமி, பிடுங்கிடலாமா?" என்று எங்கள் தெருவில் என்னைக் கேட்காத இளம்பெண்ணே கிடையாது!

அவசரப்படாதீர்கள் என்பேன். முதலில் விரியும் இரண்டு இலைகள் விதைக்குள்ளேயே இருந்தவை. பல செடிகளுக்கும் அவை ஒன்று போலத்தான் இருக்கும். அடுத்து வரும் இலைகளில்தான் செடியின் சொந்த முகம் தெரியும். பக்கத்தில் ஓர் ஈர்க்குச்சியை நட்டு இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு தண்டைத் தடவிப் பாருங்கள். மூன்று பட்டையாக இருந்தால் பெரும்பாலும் கோரை. நாலு பட்டையாக இருந்தால் துளசி, தும்பை வகையறாவாக இருக்கலாம். கிள்ளியதும் பால் வடிந்தால் அம்மான் பச்சரிசியோ என்று பாருங்கள். அந்தப் பால் கண்ணில் படக்கூடாது. இலைக் காம்பின் அடியில் குட்டிக் காய்கள் வரிசையாகத் தொங்கினால் கீழாநெல்லி. பேரிலேயே அடையாளம் இருக்கிறதே!

ஒரே ஒரு செடியிடம் மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். காரட் இலை போலப் பிளவுபட்டு, தரையோடு தட்டு மாதிரி படர்ந்து வருகிறதா? அது பார்த்தீனியம். 1956-ல் பூனாவில் கண்டு பதிவு செய்யப்பட்ட இந்த அமெரிக்கக் களை இன்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. தொட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். பூந்தூள் பட்டால் மூச்சிரைப்பு. வெள்ளைப் பூ வருமுன், மண் ஈரமாக இருக்கும்போதே, கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

கீரைக்கு வருகிறேன். "மணத்தக்காளி தானா முளைச்சிருக்கு, பறிச்சுக் கூட்டு பண்ணட்டுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். பூக்கட்டும் என்றேன். மணத்தக்காளிக்குச் சின்ன வெள்ளைப் பூ, கொத்தாக உருண்டைப் பழம். அதே குடும்பத்து ஊமத்தைக்கோ நீண்ட புனல் போன்ற பூ, முள் நிறைந்த காய். இளசாக இருக்கையில் இலையை மட்டும் பார்த்து ஏமாற இடமுண்டு. ஊமத்தையில் எல்லா பாகமும் விஷம். குழந்தை தின்றுவிட்டால் வாய் உலரும், கண்ணின் கருமணி விரியும், பிதற்றும். வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். செடியில் ஒரு கிளையையும் கையோடு கொண்டு போனால் டாக்டருக்கு உதவும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, எல்லோருக்கும் தெரிந்த குப்பைமேனிதான். வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் வந்து புரளும். பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பேர். கைக்குழந்தைக்குச் சளி என்றால் இதன் சாற்றைக் கொடுக்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். செடியைச் சரியாகக் கண்டுகொண்டாலும் ஆபத்து தீரவில்லை. பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு இது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கருக்கும், உடம்பு வெளிறும். இந்தக் கீரையைச் சமைத்துச் சாப்பிட்டவர்களுக்கே இப்படி ஆனதை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குறை யாருக்கு என்று ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். முகத்தைப் பார்த்தால் தெரியாது. மாமியார் வற்புறுத்தினாலும், "டாக்டரைக் கேட்டுட்டுத் தரலாம் அத்தை" என்று சொல்லிவிடுங்கள்.

மூலிகை பற்றிக் கேட்க நாம் வெகுதூரம் போக வேண்டாம். தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நம் சானடோரியத்திலேயே இருக்கிறது. வைத்தியரிடம் போகிறபோது ஒற்றை இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். வேர், பூ, காய் எல்லாம் சேர்ந்தபடி முழுச்செடியைச் செய்தித்தாளில் மடித்து எடுத்துப் போங்கள்.