மார்பகப் புற்றுநோய் மாத்திரையும் மூட்டுப் பிடிப்பும்

நம் அங்கத்தினர் குடும்பமொன்றில் அண்மையில் நேர்ந்த நிகழ்ச்சியே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. சென்னிமலைப் பக்கத்தில் தறி நெய்யும் ஒருவரின் மனைவியார் மார்பகப் புற்றுநோய்க்குக் கோயமுத்தூரில் சிகிச்சை பெற்று, நலமுற்று வீடு திரும்பியவர். நாளொன்றுக்கு ஒரு மாத்திரை வீதம் ஐந்தாண்டுகள் உட்கொள்ள வேண்டுமென வைத்தியர் பணித்திருந்தார். ஒருநாள் ஏதோ தேடுவதற்காகக் கணவர் பெட்டியைத் திறந்தபோது, மாதந்தோறும் தாம் வாங்கிக் கொடுத்த மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமலே அடுக்கி வைக்கப்பட்டிருக்கக் கண்டார். காரணம் வினவியதற்கு அவ்வம்மையார் கூறிய விடை இது: "மாத்திரை தின்னாக் கை மடங்க மாட்டீங்குதுங்க. கை மடங்காட்டித் தார் எப்படிங்க சுத்தறது?"

இவ்வம்மையார் முன்பே ஒருமுறை சங்கத்துக்கு நூல் வாங்க வந்தபோது விரல்கள் நோவதாகக் கூறியதுண்டு. 'வயதானால் அப்படித்தான்' என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அது பிழை என்பதை இப்போது உணர்கிறோம். அந்நோவு வயதினால் மட்டும் வந்ததன்று, மாத்திரையால் வந்தது. அதற்குப் பரிகாரங்களும் உண்டு.

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பகுதி, ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு நீரை உணவாகக் கொண்டு வளர்வன. இவ்வுறவு வைத்திய உலகுக்குப் புதிதன்று. கிளாஸ்கோ நகரத்து ஜார்ஜ் பீட்சன் என்னும் அறுவை வைத்தியர், சூற்பைகளை அகற்றியதும் மார்பகப் புற்றுநோய் சுருங்கியதை 1896ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார். பின்னர் டமாக்சிபென் என்னும் மருந்து வந்தது. இது 1962இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. மான்செஸ்டர் நகரில் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பயன் 1971இல் வெளியாயிற்று. 1990ஆம் ஆண்டுகளில் அனாஸ்ட்ரசோல், லெட்ரசோல், எக்செமெஸ்டேன் என்னும் மூன்று மருந்துகள் அடுத்தடுத்து வந்தன. மாதவிடாய் நின்ற பெண்டிருக்கு இன்று பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றே கொடுக்கப்படுகிறது.

இரு வகைக்கும் உள்ள வேற்றுமையை நம் குடியானவர்கள் எளிதில் உணர்வர். டமாக்சிபென், வயலின் மடைவாயில் மண்ணை வெட்டிப் போட்டு நீர் புகாமல் அடைப்பது போன்றது. வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மற்ற மூன்றும் கிணற்று மோட்டாரையே நிறுத்திவிடுவன. மாதவிடாய் நின்ற பிறகு சூற்பை ஓய்ந்துவிட்டாலும், உடற்கொழுப்பு, தசை முதலிய இடங்களில் அரோமட்டேஸ் என்னும் நொதி சிறிதளவு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கி வருகிறது. அந்நொதியின் வேலையை இம்மருந்துகள் தடுக்கின்றன. களை வாடுகிறது. ஆனால் அதே கிணற்றை நம்பியிருந்த வரப்போரத்துத் தென்னையும் வாட்டம் காண்கிறதல்லவா? மூட்டுகளும் எலும்புகளும் அத்தென்னையைப் போன்றவை.

இந்நோவின் இயல்பு வருமாறு. மாத்திரை தொடங்கிய இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் தலைகாட்டும். விரல்கள், மணிக்கட்டு, முழங்கால் ஆகிய இடங்களில், இரு பக்கமும் ஒத்தாற்போல் வரும். காலையில் எழுந்ததும் கை முஷ்டி பிடிக்க வராது. பால் கறப்பவர்க்கு இது உடனே தெரியும். குழித்தறியில் நெடுநேரம் அமர்ந்துவிட்டு எழுந்தால் முழங்கால் நீள மறுக்கும். நாலடி நடந்தபின் இளகும். சிலருக்கு விரல் மடங்கிய நிலையில் சிக்கி, 'சடக்'கென்று விடுபடும். சிலருக்குக் கை மரத்துப்போகும். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆதலால் வீட்டார், 'படத்தில் ஒன்றுமில்லை, இவள் சாக்குச் சொல்கிறாள்' என்று எண்ணிவிடுகின்றனர். இது பெருந்தவறு. நியூயார்க் நகரில் இம்மருந்துகளை உட்கொண்ட 200 பெண்டிரை வினவி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் மூட்டுநோவு உண்டென்றனர். மூட்டுவாதம் போன்று இது மூட்டை அரித்து உருக்குலைப்பதன்று என்பதும், மருந்து நின்றபின் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடும் என்பதும் ஆறுதலான செய்திகள்.

அப்படியாயின் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஐந்தாண்டுகள் டமாக்சிபென் உட்கொண்டோரிடையே, அடுத்து வரும் ஆண்டுகளில் இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததெனப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டுள்ளனர். மாதவிடாய் நின்றோர்க்குப் புதிய மருந்துகள் அதனினும் சற்று மிகுதியான காப்பு அளிக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் கைநோவு நாளடைவில் தணியும். ஆனால் இழந்த காப்பு கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பெண்டிரின் மருந்துக் கணக்கைப் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், முழுக் காலமும் ஒழுங்காக உட்கொண்டோர் பாதியளவே. ஆகவே நம் சென்னிமலை அம்மையாரை மட்டும் குறை கூறுவதற்கில்லை.

இனிப் பரிகாரம். முதலாவது, உடலை அசைப்பது. நோகும் மூட்டுக்கு ஓய்வே மருந்து என்பது நம்மவர் எண்ணம். இந்நோவுக்கு அது பொருந்தவில்லை. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இம்மருந்தால் நோவுற்ற 121 பெண்டிரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வாரத்தில் 150 நிமிடம் விரைந்து நடத்தல் போன்ற பயிற்சியும், இருமுறை எடை தூக்கும் பயிற்சியும் செய்தனர். ஓராண்டு முடிவில் அவர்களது கடும்நோவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. மற்றப் பிரிவினர்க்குக் குறையவில்லை. 'நாள் முழுதும் தறியில்தானே உழைக்கிறோம், இன்னும் என்ன பயிற்சி?' என்று நம் பெண்டிர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் தார் சுற்றுவதும் கடலைக்காய் பறிப்பதும் ஒரே விரல்களை ஒரே விதமாக ஆயிரம் முறை அசைப்பவை. உடல் முழுதும் இளகுவதற்கு அவை போதா. விடியற்காலையில் வெதுவெதுப்பான நீரில் கையை ஐந்து பத்து நிமிடம் வைத்து, விரல்களை மெல்ல மடக்கி விரித்து, ஊர் எல்லை வரை நடந்து வந்தபின் இராட்டையில் அமர்வது நலம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கவும் வேண்டும்.

இரண்டாவது, வைத்தியரிடம் மறைக்காமல் சொல்வது. அவர் சில வாரங்கள் மருந்தை நிறுத்தி, மூன்றில் வேறொன்றுக்கு மாற்றக்கூடும். பிரான்சு நாட்டில் அனாஸ்ட்ரசோலைத் தாங்க இயலாத 179 பேருக்கு லெட்ரசோல் கொடுத்தபோது, பத்துக்கு ஏழு பேர் ஆறு மாதம் கழித்தும் அதைத் தொடர்ந்தனர். டமாக்சிபெனுக்கும் மாற்றலாம். துலாக்செட்டின் என்னும் மாத்திரையும், ஊசி குத்தும் அக்குபங்சர் முறையும் நோவைத் தணித்ததாக 2018இல் வெளியான ஆய்வுகள் கூறுகின்றன. இவற்றுள் எது யாருக்கு ஏற்றதென்பதை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியரே. டமாக்சிபென் உட்கொள்வோர்க்குத் துலாக்செட்டின் எப்போதும் ஒத்துவருவதன்று.

மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைப் பற்றி ஒரு சொல். மாதக்கணக்கில் தின்றால் அவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சந்தையில் பெயரின்றி விற்கும் மூட்டுவலிச் சூரணங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. குழம்பில் இடும் நம் ஈரோட்டு மஞ்சளால் கெடுதி ஒன்றுமில்லை. ஆனால் மஞ்சள் சத்தைச் செறித்து விற்கும் குளிகைகளை வைத்தியரைக் கேளாமல் உண்ணலாகாது.

எலும்பும் இம்மருந்தால் மெலியும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் படம் ஒருமுறையேனும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். கேழ்வரகும் பாலும் வெயிலும் நமக்குக் குறைவில்லை; கால்சியமும் வைட்டமின் டி-யும் தனியே தேவையா என்பதை வைத்தியர் கூறுவார்.

ஒரே இடத்தில், சிறப்பாக முதுகெலும்பிலோ இடுப்பிலோ, இரவிலும் தணியாமல் நாளுக்கு நாள் வளரும் வலியை மாத்திரையின் வேலையென்று விட்டுவிடலாகாது. மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சல் கண்டாலும் அவ்வாறே. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சென்னையில் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கப்பெற்ற காலத்தில், நம் பக்கத்து நோயாளிகள் இரவெல்லாம் ரயிலில் செல்ல வேண்டியிருந்தது. இன்று கோயமுத்தூரிலேயே சிகிச்சை கிடைக்கிறது. தமிழக அரசு 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இயலாதோர்க்கு இல்லத்திலேயே இயன்முறைப் பயிற்சி அளிக்கவும் ஏற்பாடு உண்டு. கிராமச் சுகாதார நிலையத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

சங்க நிர்வாகக் குழுவினர்க்கும் ஒரு வேண்டுகோள். கூலி, சுற்றிய அளவுக்கே கிடைக்கிறது. ஆதலால் கைநோவை வெளியே சொல்வது வருமானத்தைக் குறைத்துக்கொள்வதாகப் பெண்டிர் அஞ்சுகின்றனர். சிகிச்சையில் இருப்போர்க்குத் துணி மடித்தல், முத்திரையிடல், கணக்குப் பார்த்தல் போன்ற வேலைகளைச் சில மாதங்கள் ஒதுக்கினால் அவ்வச்சம் நீங்கும்.

நாம் முதலிற் குறித்த அம்மையார் கணவருடன் கோயமுத்தூர் சென்று வைத்தியரிடம் யாவற்றையும் கூறினார். ஒரு மாத இடைவெளிக்குப் பின் வேறு மாத்திரை கொடுக்கப்பட்டது. நோவு முற்றும் நீங்கிவிடவில்லை. முன்பு காலை ஆறு மணிக்கு இராட்டையில் அமர்ந்தவர், இப்போது நடந்து வந்து, கையை இளக்கிக்கொண்டு, ஒன்பது மணிக்கு அமர்கிறார். அதுவரை தார் சுற்றும் வேலையைக் கணவர் பார்த்துக்கொள்கிறார்.