மூன்று என்ஜின், ஒரு குழாய்

டிரைஸ்டார் விமானத்தின் நடு என்ஜின் வாலுக்குள் இருக்கிறது. வெளியே தெரியாது. அதற்கான காற்று, செங்குத்து வாலின் அடியில் உள்ள வட்ட வாயில் நுழைந்து, ஆங்கில எஸ் எழுத்துபோல வளைந்து இறங்கி என்ஜினுக்குப் போகும். பஹ்ரைனில் டிரைஸ்டார் பராமரிப்பில் இருந்த காலத்தில், அந்தப் பாதைக்குள் டார்ச்சோடு ஊர்ந்து போய் ஒவ்வொரு ரிவெட்டாகத் தடவிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரு ரிவெட் தளர்ந்தாலும் அது நேராக என்ஜினுக்குள் போய்விடும். லாக்ஹீட் நிறுவனம் 1970 நவம்பரில் முதலில் பறக்கவிட்ட இந்த விமானத்தைப் போல நேர்த்தியாகக் கட்டப்பட்ட பயணிகள் விமானத்தை நான் தொட்டதில்லை. அதில் ஒன்பதை பிரிட்டிஷ் விமானப்படை வாங்கி, பெரும்பாலானவற்றை நடுவானில் எரிபொருள் கொடுக்கும் டேங்கர்களாக மாற்றி, ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஓட்டியது.

எல்லாம் 1982-ல் பிரிட்டன் அர்ஜென்டினாவோடு நடத்திய ஃபாக்லாந்து போரில் தொடங்கியது. பிரிட்டனிலிருந்து அந்தத் தீவுகள் சுமார் 13,000 கி.மீ. தூரம். நடுவில் இறங்க அசென்ஷன் தீவு ஒன்றுதான் உண்டு. அங்கிருந்தும் 6,000 கி.மீ.க்கு மேல் கடல். தீவுகளின் தலைநகரான ஸ்டான்லியின் ஓடுதளத்தில் ஒரே ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் குண்டு போட்டுத் திரும்புவதற்கு 11 விக்டர் டேங்கர்கள் கிளம்பின. வல்கனுக்குக் கொடுக்கும் டேங்கருக்கு இன்னொரு டேங்கர் கொடுக்க வேண்டும், அதற்கு மற்றொன்று. அந்த விக்டர்களும் பழைய குண்டுவீச்சு விமானங்களை மாற்றியவைதான். போர் முடிந்தபோது அவை களைத்துப் போயிருந்தன. துருப்புகளை அவ்வளவு தூரம் கொண்டு போகும் பெரிய விமானங்களும் போதவில்லை.

புதிதாக ஒன்றை வடிவமைக்க நேரமில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் டிரைஸ்டார் 500 ரக விமானங்களை விற்கத் தயாராக இருந்தது. உடலைக் குறுக்கி, தூரத்தைக் கூட்டிய ரகம் அது. 1982 இறுதியில் ஆறு விமானங்கள் கை மாறின. பின்னர் பான் ஆம் நிறுவனத்திடமிருந்து மூன்று வந்தன. 1984 நவம்பரில் 216வது ஸ்குவாட்ரன் இவற்றுக்காகவே இங்கிலாந்தின் பிரைஸ் நார்ட்டன் விமானதளத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது.

மாற்றும் வேலை கேம்பிரிட்ஜில் மார்ஷல் நிறுவனத்திடம் போனது. பயணிகளின் பெட்டிகள் போகும் கீழ்த்தள சரக்கறைகளில் கூடுதல் டேங்குகள் வைத்தார்கள். அதனால் சுமார் 45 டன் எரிபொருள் கூடி, மொத்தம் 136 டன் ஆனது. மேல்தளத்தில் கை வைக்கத் தேவையே இல்லை. ஆளையோ சரக்கையோ ஏற்றிக்கொண்டு, கீழே எரிபொருளும் சுமந்து, வழியில் போர் விமானங்களுக்கும் கொடுத்துக்கொண்டு போகலாம். போர் விமானங்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு இடம் மாறும்போது அவற்றின் மெக்கானிக்குகளும் கருவிப் பெட்டிகளும் அதே டேங்கரில் பயணம் செய்யும். என் போன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்: விமானம் இறங்கும் இடத்தில் ஸ்பேனரும் ஆளும் இல்லாவிட்டால், அடுத்த நாள் அது எழும்பாது.

எல்லாம் ஒரே மாதிரி மாறவில்லை. நான்கு விமானங்களுக்கு முன்பக்கம் பெரிய சரக்குக் கதவு வெட்டினார்கள். அழுத்தம் ஏற்றிய விமான உடலில் அவ்வளவு பெரிய ஓட்டை போடுவது சாதாரண வேலையல்ல. கதவைச் சுற்றிச் சட்டங்களைப் பலப்படுத்தி, தரையையும் வலுவாக்க வேண்டும். இரண்டு விமானங்கள் கதவு இல்லாமலே டேங்கராயின. பான் ஆமின் மூன்றும் கடைசிவரை துருப்பு விமானங்களாகவே இருந்தன. அவற்றில் 266 பேர் வரை அமரலாம்.

பின்னுடலின் அடியில் குழாய் சுற்றிய இரண்டு டிரம்கள் இருந்தன. குழாயின் நுனியில் கூம்பு வடிவக் கூடை. எரிபொருள் வாங்க வரும் விமானி தன் மூக்கருகே நீட்டியிருக்கும் குழல்முனையை அந்தக் கூடைக்குள் செலுத்த வேண்டும். டேங்கரில் அம்பர் விளக்கு எரிந்தால் வரலாம். பச்சை எரிந்தால் எரிபொருள் பாய்கிறது. சிவப்பு என்றால் விலகிவிட வேண்டும். நுனியைச் செருகினால் மட்டும் போதாது, குழாயைச் சில அடி உள்ளே தள்ளிக்கொண்டு போக வேண்டும், அப்போதுதான் வால்வு திறக்கும். தள்ளும் வேகத்துக்கு ஈடாக டிரம் தானே குழாயைச் சுற்றிக்கொள்ளும். அது சுற்றத் தவறினால், தோட்டத்து ஹோஸை உதறினால் ஓடும் அலைபோல ஓர் அலை குழாயில் ஓடி, குழல்முனையை முறித்துவிடும். டேங்கர் விமானிகள் இதில் எதையும் பார்க்க முடியாது. ஃப்ளைட் என்ஜினியர்தான் வயிற்றுக்கடியில் உள்ள கேமராவின் படத்தைப் பார்த்து எரிபொருளை அனுப்புவார். இந்த விமானத்தில் எனக்கு மரியாதை அவர்மீதுதான். மூன்று என்ஜின்களையும் கவனித்துக்கொண்டு, பின்னால் தொங்கும் போர் விமானத்தையும் பார்த்துக்கொண்டு, எந்த டேங்கிலிருந்து எவ்வளவு எடுப்பது, எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் கணக்குப் போட வேண்டும்.

டிரம் இரண்டு இருந்தும் ஒரு நேரத்தில் ஒரு குழாயைத்தான் விரிக்க முடியும். மற்றது மாற்று ஏற்பாடு. அதே படையின் விசி10 டேங்கர் இறக்கைக் குழாய்கள் இரண்டில் இரண்டு போர் விமானங்களுக்கு ஒரே நேரத்தில் கொடுத்தது. டிரைஸ்டாருக்கும் இறக்கையில் குழாய் வைக்கும் யோசனை இருந்தது, கைவிடப்பட்டது. நான்கு டொர்னாடோ போர் விமானங்கள் வந்தால் வரிசையில் நிற்க வேண்டும். கடைசியில் நிற்பவர் தன் முறை வருவதற்குள் தன் எரிபொருளைத் தின்றுகொண்டே இருப்பார். பயணிகள் விமானத்தை மாற்றியதில் நேர்ந்த பெரிய குறை இதுதான் என்பது என் எண்ணம்.

1985 மே மாதம் ஃபாக்லாந்தில் மவுண்ட் பிளெசன்ட் விமானதளம் திறந்தபின், அங்கு துருப்புகளைக் கொண்டு போனவை டிரைஸ்டார்கள். 1991 வளைகுடாப் போரில் இரண்டுக்குப் பாலைவன இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். வீரர்கள் அவற்றை பிங்கி, பெர்க்கி என்று அழைத்தார்கள். ஆப்கானிஸ்தான் போரின்போது பிரைஸ் நார்ட்டனிலிருந்து கந்தகாருக்குப் போகும் துருப்புகள் இறங்கும் நேரத்தில் ஹெல்மெட்டும் கவச உடையும் அணிந்து, விளக்கெல்லாம் அணைத்த இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு காலத்தில் விடுமுறைக்குப் போகிறவர்கள் சாய்ந்து தூங்கிய அதே உடலுக்குள்.

அந்த வயதிலும் அவை ஓடிக்கொண்டிருந்தன என்பதே பெரிய விஷயம். மொத்தம் 250 டிரைஸ்டார்கள்தான் கட்டப்பட்டன. இதன் ஆர்பி211 என்ஜினை உருவாக்கும் செலவிலேயே 1971-ல் ரோல்ஸ்ராய்ஸ் திவாலானது. அதனால் தாமதமான டிரைஸ்டாருக்கு முன்பே அதன் போட்டி விமானமான டிசி10 சந்தைக்கு வந்துவிட்டது. 1984-ல் லாக்ஹீட் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. உலகெங்கும் விமான நிறுவனங்கள் இவற்றை ஓட்டியவரை உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 2001-ல் நிறுத்தியது. மற்றவையும் ஒவ்வொன்றாக விலகின. பிறகு ஒரு ஹைட்ராலிக் பம்பு கெட்டால், பாலைவனத்தில் நிறுத்திவைத்த பழைய விமானத்திலிருந்து கழற்றித்தான் எடுக்க வேண்டும். மேசையில் ஒரு பாகத்தின் எண்ணை எழுதிவைத்து, அதைத் தேடி நாடு நாடாகப் போன் செய்த அனுபவம் எனக்கும் உண்டு. விமானம் நன்றாக இருக்கும், பாகம் இல்லாமல் நிற்கும். பிரிட்டிஷ் துருப்புகள் ஊர் திரும்ப நாள்கணக்கில் காத்திருந்ததாகச் செய்திகள் வந்த காலம் அதுதான்.

2014 மார்ச் 24 அன்று டிரைஸ்டார் கடைசிப் பணியை முடித்தது. பிறகு அந்த விமானங்கள் லெஸ்டர்ஷயரில் உள்ள பிரண்டிங்தோர்ப் விமானக் களத்துக்குப் பறந்து போய் நின்றன. அவற்றின் இடத்துக்கு வாயேஜர் வந்தது. அதுவும் பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ330தான். ஆனால் ஏ330 உலகம் முழுக்கப் பறக்கிறது. உதிரிபாகமும் எங்கும் கிடைக்கும்.

இந்தியாவில் இப்போது உதிரிபாகம் பற்றிய அதே கேள்வி எழுந்திருக்கிறது. 2003 முதல் நம் விமானப்படையிடம் உள்ள ஆறு இல்யூஷின் 78 டேங்கர்கள் உதிரிபாகத் தட்டுப்பாட்டால் போதிய அளவு பறக்கவில்லை என்று தணிக்கை அறிக்கையே சொல்லியிருக்கிறது. 2022 ஏப்ரலில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனமும் இஸ்ரேல் ஏரோஸ்பேஸ் நிறுவனமும், பயணிகள் விமானங்களை இங்கேயே டேங்கர்களாக மாற்ற ஒப்புக்கொண்டன. இஸ்ரேல் நிறுவனம் முன்பு கொலம்பியாவுக்காக மாற்றியது போயிங் 767 விமானத்தை. நம் ஹேங்கரில், நம் பிள்ளைகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆனால் எந்த விமானத்தைத் தேர்ந்தாலும், அதன் வயதைக் கேட்பதற்கு முன் நான் கேட்பது இதைத்தான்: இன்னும் 20 ஆண்டு கழித்து, இதே விமானத்தை இன்னும் எத்தனை நிறுவனங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும்? அதன் லேண்டிங் கியரையும் பம்பையும் அப்போது யார் செய்து தருவார்?