பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு

இறக்குவானைக்கு மேலே, தேயிலையும் றப்பரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் தோட்டமொன்றில், உறவினர் வீட்டுக்குப் போயிருந்த ஒரு மாலைப்பொழுதில், லயத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்த இரண்டு இளைஞர்களின் வாக்குவாதத்தைக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. ஒருவன் கையில் இருந்தது, கொரியாவில் வேலை செய்யும் அண்ணன் தான் பாவித்துவிட்டுக் கொடுத்தனுப்பிய சாம்சங் கேலக்ஸி எஸ்20. மற்றவன் கையில் இருந்ததும் அதே எஸ்20தான்; ஆனால் அது துபாயிலிருந்து அவனுடைய சித்தி கொண்டுவந்தது.

“ஒன்னோடது எக்சினோஸ் மச்சான், அதான் அடுப்பு மாதிரி சுடுது. என்னோடது ஸ்னாப்டிராகன்” என்றான் முதலாமவன்.

“சுட்டா சுடட்டும். நீ போட்டோ எடுக்கிறப்ப எல்லாம் பிரட்டுக்களம் வரைக்கும் சத்தம் கேக்குதே, அத நிப்பாட்ட முடியுதா ஒனக்கு?” என்றான் மற்றவன்.

பிறகு இருவரும் என் பக்கம் திரும்பி, “மாமா, நீங்க பேப்பர்ல எழுதுறவருதானே, நீங்களே சொல்லுங்க” என்று என்னை நீதிபதி ஆக்கிவிட்டார்கள். அன்று மழுப்பிவிட்டேன். ஆனால், ஒரே பெயரும் ஒரே தோற்றமும் கொண்ட இரண்டு கைத்தொலைபேசிகளின் உள்ளே வெவ்வேறு யந்திரம் இருக்கலாம் என்ற விஷயம், வாங்குகிறவன் அறிந்திருக்க வேண்டியதா அல்லது வேலையற்றவர்களின் விவாதப் பொருளா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘செயலி’ என்ற அழகான சொல்லைப் படைத்த நம் பண்டிதர்கள், அதையே தொலைபேசியின் மூளைக்கும் வைத்து, அதில் நாம் இறக்கிக்கொள்ளும் வாட்ஸ்அப் போன்றவற்றுக்கும் வைத்துவிட்டபடியால், இக்கட்டுரையில் ஊர் வழக்கையே பின்பற்றிச் ‘சிப்’ என்று சொல்லிவிடுகிறேன். தமிழபிமானிகள் க்ஷமிக்க வேண்டும். விரல் நகத்தளவே உள்ள அந்தச் சிலிக்கன் துண்டில் கணக்குப் போடும் மூளைக் கருக்கள் ஒரு பக்கம், படங்களைத் தீட்டிக் காட்டும் பகுதி ஒரு பக்கம், கமராவின் ஒளியைப் படமாக்கும் பகுதி இன்னொரு பக்கம் என்று ஒரு சிறு கிராமமே குடியிருக்கிறது. தொலைபேசிக் கோபுரத்தோடு பேசும் மோடமும் பெரும்பாலான போன்களில் அதே துண்டிலும், சிலவற்றில் அதை அடுத்த தனிச் சிப்பிலுமாக இருக்கிறது. போன் விரைவாக இயங்குவதும், கையைச் சுடுவதும், பற்றரி மாலைவரை தாக்குப்பிடிப்பதும் பெரும்பாலும் இந்தக் கிராமத்தின் நிர்வாகத்தைப் பொறுத்தவையே.

சாம்சங் கம்பெனி இத்தகைய சிப்பைத் தானே செய்கிறது. அதற்கு, கிரேக்க மொழியில் புத்திசாலித்தனத்தையும் பசுமையையும் குறிக்கும் இரண்டு சொற்களை இணைத்து எக்சினோஸ் என்று நாமகரணம் செய்திருக்கிறது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்துக் குவால்கொம் கம்பெனி செய்வது ஸ்னாப்டிராகன். 2012இல் வெளிவந்த கேலக்ஸி எஸ்3 முதற்கொண்டே அமெரிக்காவில் விற்கும் போனுக்குள் ஸ்னாப்டிராகனும் மற்றப் பல நாடுகளில் விற்கும் போனுக்குள் எக்சினோஸும் வைக்கும் வழக்கம் உலகத்துக்குப் பரிச்சயமாகிவிட்டது. அமெரிக்காவில் வெரைசன், ஸ்பிரிண்ட் ஆகிய பெரிய கம்பெனிகள் நடத்திய சீடிஎம்ஏ என்ற முறையின் முக்கியமான உரிமைப்பத்திரங்கள் குவால்கொம்மிடம் இருந்ததும், அம்முறைக்கேற்ற மோடத்தை அந்தக் கம்பெனி சிறப்பாகச் செய்ததும் இதற்கு ஒரு காரணம். சொந்தச் சிப் ஒன்று கையில் இருந்தால் பிறரிடம் வாங்கும் சிப்புக்கு விலை பேசும்போது குரல் சற்று உயர்ந்து ஒலிக்கும் என்பது, நம் இரத்தினபுரிக் கல் வியாபாரிகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய தத்துவமல்ல.

இந்த இரட்டை வாழ்வில் வித்தியாசம் மிகவும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது 2018க்கும் 2020க்கும் இடையில்தான். எஸ்9 போனுக்காகச் சாம்சங் தானே வடிவமைத்த பெரிய மூளைக் கருக்கள், பரிசோதனைத் தாளில் பிரமாதமான மதிப்பெண் வாங்கின. ஆனால் நாள் முழுதும் பாவித்துப் பார்த்தவர்கள், பற்றரி ஸ்னாப்டிராகன் போனுக்கு முன்னதாகவே ஓய்ந்து போவதைக் கண்டார்கள். காலையில் ஓட்டமாக ஓடி மத்தியானத்துக்குள் களைத்து உட்கார்ந்துவிடுகிற வேலையாளை எந்தக் கங்காணிதான் விரும்புவார்? டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்டினில் அந்தக் கருக்களை வடிவமைத்த பிரிவைச் சாம்சங் 2019இல் மூடிவிட்டது. அப்பிரிவின் கடைசிக் குழந்தைதான் 2020இல் எஸ்20க்குள் வந்த எக்சினோஸ் 990. அந்த ஆண்டு இந்தியாவும் ஐரோப்பாவும் வளைகுடா நாடுகளும் அதைப் பெற்றுக்கொள்ள, சாம்சங்கின் தாய்நாடாகிய கொரியாவிலேயே ஸ்னாப்டிராகன் 865 வைத்த எஸ்20 விற்கப்பட்டது. வீட்டுச் சமையலை வீட்டுக்காரரே தொடவில்லை என்றால் விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள்? ஆகவே, லயத்து வாசலில் கொரியப் போன்காரன் பேசிய பெருமைக்கு ஆதாரம் இருக்கத்தான் செய்தது. அவனுடைய போன் படமெடுக்கும்போது எழுப்பும் அடக்கமுடியாத சத்தமும் கொரியா கொடுத்த சீதனமே: இரகசியமாகப் படமெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு, அந்நாட்டில் விற்கும் போன்களில் அந்த ஒலியை நிறுத்த முடியாதபடி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ‘எக்சினோஸ் என்றால் மட்டம், ஸ்னாப்டிராகன் என்றால் உயர்வு’ என்று இதிலிருந்து ஒரு சூத்திரம் செய்துகொண்டால் அடுத்த ஆண்டே ஏமாந்து போவோம். நம் சப்ரகமுவக்காரர்களுக்கு இதை விளக்கக் கொழுந்தைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. ‘சிலோன் டீ’ என்ற ஒரே நாமத்தின் கீழ், நாலாயிரம் அடிக்கு மேல் குளிரில் விளையும் நுவரெலியாத் தேயிலையும், இரண்டாயிரம் அடிக்குக் கீழ் வெயிலிலும் மழையிலும் விளைந்து, கறுத்துச் சுருண்டு, வளைகுடா நாட்டாரின் மனத்தைக் கவர்கிற நம் தாழ்நிலத் தேயிலையும் விற்பனையாகின்றன. குணத்துக்கு மண் ஒரு காரணம், மலை ஒரு காரணம். இவை போதாவென்று தோட்டத்தில் ‘ஸ்டோர்’ என்று நாம் சொல்லும் தொழிற்சாலை ஒன்று. கொழுந்து எத்தனை நல்லதாயினும் வாட்டுவதிலும் அரைப்பதிலும் உலர்த்துவதிலும் பக்குவம் தவறினால் தேநீரின் குணம் போய்விடும் என்பது, நிறுவையில் கூடையை இறக்கும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

சிப்பின் கதையும் அதுவேதான். எஸ்20இன் ஸ்னாப்டிராகன் தைவான் நாட்டு டீஎஸ்எம்சி தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது. எக்சினோஸ் சாம்சங்கின் தொழிற்சாலையில். 2021இல் எஸ்21க்கான ஸ்னாப்டிராகன் 888ஐயும் எக்சினோஸ் 2100ஐயும் சாம்சங் தொழிற்சாலையே வார்த்தது. முன்பு மலைக்கும் மடுவுக்குமாக இருந்த வித்தியாசம் மிகவும் குறைந்தது, இரண்டும் சேர்ந்தே சூடேறின. 2022இல் எஸ்22க்கு ஐரோப்பாவில் எக்சினோஸும் இந்தியாவில் ஸ்னாப்டிராகனும் வந்தபோதும் ஸ்டோர் ஒன்றுதான், உஷ்ணப் புகாரும் இரு தரப்பிலிருந்தும்தான். அந்த ஆண்டின் நடுவில் குவால்கொம் தன் சிப்பைத் தைவானுக்கு எடுத்துச் சென்ற பின்னரே உஷ்ணம் தணிந்தது. 2023இல் எஸ்23 உலகெங்கும் ஸ்னாப்டிராகனோடு வெளிவந்தது. 2024இல் எஸ்24க்கும் எஸ்24 பிளஸுக்கும் பெரும்பாலான நாடுகளில் எக்சினோஸ் திரும்பி வந்து, 2025இல் எஸ்25இலிருந்து மறுபடி விலகிக்கொண்டது. பெயர் மட்டும் பார்த்துப் பக்ஷபாதம் கொள்கிறவர் ஆண்டுதோறும் கட்சி மாற வேண்டியிருக்கும்!

இதுவரை பேசியதெல்லாம் பிரபுக்களின் போன்களைப் பற்றி. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட கணக்கில், இரண்டு லட்ச ரூபாய்ப் போன் ஒன்றுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது நாள் பேர் போட வேண்டும். கொழும்புக் கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தவணைக்கு வாங்கிவரும் ஐம்பதாயிரம் ரூபாய்ப் போனே முப்பத்தேழு நாள் மலையேறிய வியர்வை. ஆகவே உண்மையில் சிப்பைக் கேட்டு வாங்கவேண்டியவன் இந்த மலிவான போனை வாங்குகிறவன்தான், கேட்காதவனும் அவன்தான்.

2020இன் இறுதியில் வந்த கேலக்ஸி ஏ12 மீடியாடெக் ஹீலியோ பீ35 என்ற சிப்போடு பிறந்து, மறு ஆண்டிலேயே அதே பெயரில் எக்சினோஸ் 850ஓடு மறுபிறவி எடுத்தது. 2023இன் ஏ14 நான்காம் தலைமுறைப் (4ஜி) போனோ ஒரே ஆண்டில் இரட்டையாகவே பிறந்தது: சில சந்தைகளில் எக்சினோஸ் 850, சில சந்தைகளில் ஹீலியோ ஜீ80. முன்னதில் எட்டுக் கருக்களும் சிறியவை. பின்னதில் இரண்டு பெரியவை, ஆறு சிறியவை. எட்டுச் சாதாரண ஆட்களைக் கொண்ட கும்பலுக்கும், இரண்டு பலசாலிகளைச் சேர்த்துக்கொண்ட கும்பலுக்கும் உள்ள வேறுபாடு, கனமான வேலை ஒன்று வரும்போது தெரியும்; ஆனால் சிறியவை எட்டும் நுண்ணிய முறையில் வார்க்கப்பட்டவை ஆகையால் பற்றரியைச் சிக்கனமாகச் செலவழிக்கும். வாட்ஸ்அப்பும் யூடியூப்பும் பிள்ளையின் பாடமும் போதும் என்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். விளையாட்டில் லயித்துக் கிடக்கும் பையனுக்கு அல்ல. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் மாதிரி இலக்கத்தில் ‘ஏ145’க்குப் பின் ‘எப்’ இருந்தால் எக்சினோஸ், ‘ஆர்’ இருந்தால் ஹீலியோ. கடைக்காரரிடம் ‘இது ஏ14தானே’ என்று கேட்பதைவிட அந்தக் கடைசி எழுத்தைப் படிப்பது மேல். ரெட்மி நோட் 13 புரோ என்ற ஒரே பெயரிலும் நான்காம் தலைமுறைக்கு ஒரு சிப், ஐந்தாம் தலைமுறைக்கு முற்றிலும் வேறொரு சிப்.

சிப்பைவிட நம் மலைகளில் முக்கியமான பிரதேச வித்தியாசம் ஒன்று உண்டு: போன் பிடிக்கும் அலைவரிசைகள். அதைப்பற்றிச் சண்டை போடுகிறவர்களைத்தான் நான் இன்னும் காணவில்லை. தெரணியகலையிலோ எட்டியாந்தோட்டையிலோ பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் லயத்தில் ஒரு போன் என்ன பாடுபடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். கோபுரத்துக்கு அருகில் இருக்கும்போது மெல்ல முணுமுணுத்தாலே போதும். தூரத்திலோ மலைக்குப் பின்னாலோ இருந்தால் அது தன் முழுப் பலத்தையும் திரட்டி, ஒரு வாட்டின் ஐந்தில் ஒரு பங்கு சக்தியோடு கூவ வேண்டியிருக்கிறது. எஸ்டேட் போன்கள் பையில் சும்மா கிடந்தும் சூடேறுவதற்கும், காலையில் பால் வெட்டப் போகிறவர் கொண்டுபோன போன் பதினொரு மணிக்கே உயிரை விடுவதற்கும் எக்சினோஸைவிட இந்த மலையே பெரிய காரணம். தாழ்ந்த அதிர்வெண் அலைகள் மேடு பள்ளங்களைத் தாண்டி அதிக தூரம் செல்லும். உயர்ந்த அதிர்வெண் அலைகள் அதிக விஷயத்தைச் சுமந்தாலும் சீக்கிரம் மங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் போனில் நம் நாட்டுக் கம்பெனிகள் பாவிக்கும் அலைவரிசைகளில் ஒன்றிரண்டு இல்லாமற் போனால், எத்தகைய உயர்ந்த சிப்பும் இறப்பர்க் காட்டுக்குள் ஊமையாகத்தான் இருக்கும்.

இவை தவிர, 2022 செப்டம்பர் முதல் அமெரிக்காவுக்கென வெளிவந்த ஐபோன்களில் சிம் அட்டை செருகும் இடமே கிடையாது. இலத்திரனியல் சிம் ஒன்றே கதி. அங்குள்ள கம்பெனியின் பூட்டுடன் வரும் போன்கள் வேறு ரகம். 2025 சனவரி இறுதியிலிருந்து இன்னொரு நிபந்தனையும் சேர்ந்துகொண்டது: இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு பெறாத புதுப் போன்களுக்கு இங்கு இணைப்பு இல்லை. அதற்கு முன்பே பாவனையில் இருந்தவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. போனில் நட்சத்திரம், சதுரம், பூச்சியம், ஆறு, சதுரம் என்று அழுத்தினால் தோன்றும் பதினைந்து இலக்க ஐஎம்ஈஐ எண்ணை, ‘ஐஎம்ஈஐ’ என்ற ஆங்கில எழுத்துக்களுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எழுதி, 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் விடை வரும். காசைக் கொடுத்த பின் அனுப்புவதைவிட, கொடுக்கும் முன் கடை வாசலிலேயே அனுப்புவது உசிதம். ‘கம்பெனி வாரண்டி’ எது, ‘கடை வாரண்டி’ எது என்ற வினாவையும் அந்த வாசலிலேயே எழுப்பலாம். திறந்து பழுது பார்க்கும்போது உதிரிப்பாகம் எந்த நாட்டுப் பதிப்புக்கு வேண்டும் என்று திண்டாடுகிற நிலை அப்போதே தவிர்ந்துவிடும்.

மறுநாள் இளைஞர்கள் இருவரையும் தேடிப் போய், நியாயமாகத் தீர்ப்புச் சொன்னேன்: “சிப்புல தம்பி ஜெயிச்சிட்டான், போட்டோ சத்தத்துல நீ ஜெயிச்சிட்ட.” இருவருக்குமே அது பிடிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கொரியாவிலிருந்து அண்ணன் வீடியோவில் அழைக்க, முகம் பாதி தெரிந்து பாதி உறைந்து நின்றது. “இரு மச்சான், என்னோடதுல பாப்போம்” என்று மற்றவன் தன் போனை நீட்டினான். அதிலும் அதே கோலம். பிறகு இரண்டு பேரும் இரண்டு போன்களையும் தூக்கிக்கொண்டு, கோபுரம் நேராகத் தெரிகிற தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஓடினார்கள்.