விரல் நுனியில் ஒரு கணக்கு

எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதை நாம் சற்றுக் குறைவாகவே பார்க்கிறோம். உண்மையில் கையெழுத்தைப் பார்த்து இன்னொருவர் எழுதிவிடலாம். ஆனால் பெருவிரலில் உள்ள வரிகளை எவராலும் தம் விரலில் வரவழைக்க முடியாது. தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடும் அவ்வரிகள் ஆயுள் முழுவதும் மாறுவதில்லை. உருவத்தில் வேறுபாடு காண முடியாத இரட்டைப் பிள்ளைகளுக்குக் கூட அவை வெவ்வேறாகவே அமைகின்றன.

இந்த உண்மையை வங்காளத்தில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி வில்லியம் ஹெர்ஷல் 1858 ஆம் ஆண்டிலேயே பயன்படுத்தத் தொடங்கினார். ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கை அடையாளத்தை ஒப்பந்தப் பத்திரத்தில் பதிப்பித்தார். 1892 இல் பிரான்ஸிஸ் கால்டன் என்ற அறிஞர் விரல் வரிகளை வில், கண்ணி, சுழி என மூவகையாகப் பிரித்து நூல் எழுதினார்.

எனினும் ஒரு பெரிய சிக்கல் தீராமலே இருந்தது. பிடிபட்ட திருடன் பொய்ப் பெயர் சொல்கிறான். அவனுடைய பழைய விரல் அடையாளம் பொலிஸாரிடம் இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான தாள்களுக்குள் அதை எப்படித் தேடிப் பிடிப்பது?

இதற்கு விடை கண்டவர்களில் முதன்மையானவர் காஸி ஸெய்யித் அஸீஸுல் ஹக். இன்றைய பங்களாதேஷில் உள்ள குல்னா மாவட்டத்தைச் சேர்ந்தவர். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்றவர். வங்காளப் பொலிஸ் மாஅதிபர் எட்வர்ட் ஹென்றி அவரைத் தம் பணிக்குச் சேர்த்துக் கொண்டார்.

அவருடைய கணக்கு எளிமையானது. சமையலறையில் போத்தல்களை ஒழுங்காக அடுக்கி வைக்கும் சகோதரிகளுக்கு இது உடனே விளங்கும். ஒவ்வொரு விரலிலும் சுழி உண்டா, இல்லையா என்று மட்டும் பார்க்க வேண்டும். பத்து விரல்களையும் வரிசைப்படி ஐந்து சோடிகளாக்கி, 16, 8, 4, 2, 1 என மதிப்பெண் கொடுக்க வேண்டும். சுழி உள்ள விரலுக்கே மதிப்பெண். சோடியில் இரண்டாவது விரல்களின் கூட்டுத்தொகை மேலேயும், முதலாவது விரல்களின் கூட்டுத்தொகை கீழேயும் எழுதப்படும். இரண்டுடனும் ஒன்றைக் கூட்ட வேண்டும். வலது பெருவிரலில் மட்டும் சுழி இருந்தால் மேலே 1, கீழே 17. இவ்வாறு 32 வரிசையும் 32 நிரலுமாக 1024 அறைகள் கொண்ட அலுமாரி அமைகிறது. எந்தத் தாளுக்கும் ஓர் அறை உண்டு. தேட வேண்டியது அந்த ஓர் அறைக்குள் மட்டுமே.

1897 இல் கல்கத்தாவில் விரல் அடையாளப் பணியகம் அமைந்தது. 1901 இல் லண்டன் ஸ்கொட்லண்ட் யார்டும் இம்முறையை ஏற்றது. உலகம் அதற்கு வைத்த பெயர் 'ஹென்றி முறை'. கணக்கிட்டவரின் பெயர் அதில் இல்லை. உடனுழைத்த ஹேம் சந்திர போஸின் பெயரும் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின், தம் உதவியாளர்களுள் இம்முறையைச் செம்மைப்படுத்த அதிகம் உழைத்தவர் அஸீஸுல் ஹக்கே என ஹென்றி எழுத்தில் ஒப்புக்கொண்டார். 'கான் பகதூர்' பட்டமும் 5000 ரூபாய் வெகுமதியும் ஹக்குக்குக் கிடைத்தன. 1935 இல் பீகாரின் மோத்திஹாரியில் அவர் காலமானார். இங்கிலாந்தின் விரல் அடையாள அறிஞர் சங்கமொன்று பிற்காலத்தில் இவ்விருவர் பெயரிலும் ஆய்வுப் பரிசு ஏற்படுத்தியது.

இக்கலையில் எச்சரிக்கையும் வேண்டும். வரிகள் பொய் சொல்வதில்லை. அவற்றைப் படிக்கும் மனிதன் தவறலாம். 2004 இல் மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பை அடுத்து, ஒரு பையில் கிடைத்த மங்கலான அடையாளம் தம் நாட்டு முஸ்லிம் சட்டத்தரணி ஒருவருடையது என அமெரிக்க நிபுணர்கள் உறுதியாகக் கூறினர். இரண்டு வாரங்கள் அவர் தடுப்பில் இருந்தார். அது வேறொருவருடையது என ஸ்பானியப் பொலிஸார் கண்டறிந்த பின்னரே விடுதலையும் மன்னிப்பும் கிடைத்தன. கணினி தேடித் தரும் இக்காலத்திலும் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன் பலமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நீதியின் கடமை.

கணக்குப் பாடம் எதற்கு உதவும் என்று பிள்ளைகள் கேட்டால் அஸீஸுல் ஹக்கின் வரலாற்றைச் சொல்லுங்கள். உழைத்தவருக்குக் கூலி கொடுத்தால் மட்டும் போதாது, அவர் பெயரையும் மறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதுவும் அமானிதம்தான்.