வேலியை அகற்றிய ஆறு

மழைநீரை இயன்ற விரைவில் கடலில் சேர்த்துவிட வேண்டும் என்ற நோக்கத்தில்தான் கடந்த நூற்றாண்டில் பல நகரங்கள் தம் ஆறுகளைக் கான்கிரீட் கால்வாய்களாக்கின. சிங்கப்பூரின் காலாங் ஆறும் பீஷான் வட்டாரத்தில் அவ்வாறே நேர்கோடாக்கப்பட்டது. ஆனால் காற்றின் வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் உயரும்போது அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுவதால், குறுகிய நேரத்தில் கொட்டும் பெருமழைகள் வலுக்கின்றன. அகலம் மாறாத கால்வாயோ அந்நீரை ஓர் எல்லைக்கு மேல் ஏற்க முடியாது.

நிலத்தின் சரிவு, மண், நீரோட்டம், தாவரம், மக்கள் புழக்கம் ஆகியவற்றை ஒருங்கே கருதித் திட்டமிடும் நிலத்தோற்றக் கலை இங்கே வேறு வழி கண்டது. 2006இல் தொடங்கிய நாடளாவிய நீர்நிலைத் திட்டத்தின்கீழ், 2.7 கிலோமீட்டர் கால்வாய் பீஷான்–அங் மோ கியோ பூங்காவுக்குள் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக மாற்றப்பட்டு 2012இல் திறக்கப்பட்டது. ஆற்றை ஒட்டிய புல்வெளியே வெள்ளப்படுகை, அதாவது நீர் பெருகும்போது பரவுவதற்கென விடப்பட்ட நிலம். வெள்ளக் காலத்தில் ஆற்றின் அகலம் 100 மீட்டர் வரை விரிகிறது. கரைகளைக் கல்லும் கிளைக்கட்டுகளும் செடி வேர்களும் பிணைத்து நிறுத்துகின்றன. மண்சார் உயிர்ப்பொறியியல் எனப்படும் இம்முறை, திடீர் வெள்ளம் பாயும் வெப்பமண்டல ஆற்றுக்கு ஏற்குமா என்பது முன்னதாகவே ஒரு பக்க வடிகாலில் சோதிக்கப்பட்டது. கான்கிரீட் காலப்போக்கில் விரிசலுறும். வேரோ ஆண்டுதோறும் பிடிப்பை இறுக்கும். பெயர்த்தெடுத்த கான்கிரீட் பலகைகளும் வீணாகாமல் பூங்காவிலேயே ஒரு குன்றாக உயர்ந்தன.

இவ்வாறு ஆற்றை விரிக்க அருகிலேயே பரந்த பூங்கா இருந்தது பெரும் வாய்ப்பு என்பதை மறுக்க இயலாது. கட்டடங்கள் கரையை நெருக்கிவிட்ட இடங்களில் இவ்வடிவத்தை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது.

எனினும், நீரியல் பயன்களைவிடவும் இத்திட்டத்தின் துணிவான செயல், கால்வாயை மக்களிடமிருந்து பிரித்த வேலியை அகற்றியதே. அடுக்குமாடிக் குடியிருப்பினர் நீரருகே இறங்கி நடமாடலாம். நீர்மட்டம் உயர்ந்தால் உணர்கருவிகளின் துணையோடு எச்சரிக்கை விளக்குகளும் ஒலியும் இயங்க, அவர்கள் மென்சரிவில் மேடேற நேரம் கிடைக்கிறது. ஆபத்தைச் சுவரால் மறைப்பதற்குப் பதிலாக, ஆறு ஏறி இறங்குவதை மக்கள் கண்ணால் கண்டு அறிந்திருப்பதே இங்கு பாதுகாப்பின் முதல் அங்கமாகக் கொள்ளப்பட்டுள்ளது.